முள் காட்டிய ஐம்பத்தைந்து

டொலீடோ, ஒஹாயோ
1985 ஜூன் 2, ஞாயிறு

நடீனுக்கு,

ஃபோனை அறைந்து வைப்பதற்கு முன் நீ கடைசியாகச் சொன்னது: "இனிமே பேசறதா இருந்தா எழுது. எழுதும்போதாவது குறுக்க பேசாம இருப்ப." சரி, எழுதுகிறேன். குறுக்கே பேச நீயும் இங்கே இல்லை. முழுக்கச் சொல்லி முடிக்கிறேன்.

நான் உன்னை ஏமாற்றவில்லை. மே 5, ஞாயிற்றுக்கிழமை, உன் 1969 மாடல் ஷெவல் காரிலிருந்த 4.10 பின் ஆக்ஸிலை இறக்கினேன். என் 1970 ஷெவல் காரிலிருந்த 3.31 ஆக்ஸிலை இறக்கினேன். அதை இதிலும் இதை அதிலும் ஏற்றினேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு இரண்டு காரும் தரையில் நின்றன. டிஃபரன்ஷியலைத் திறந்து, பற்களில் மஞ்சள் பசை தடவி, பல்லோடு பல் எங்கே உரசுகிறது என்று பார்த்துத்தான் மூடினேன். அச்சு நடுப்பல்லில், நாணயம் மாதிரி விழுந்தது. பிரேக் குழாயில் காற்று எடுத்தேன். போல்ட் ஒவ்வொன்றையும் அளவு வைத்து இறுக்கினேன். கியர் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் நாள் முழுக்கப் பல்லைப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவனிடம் "நீ மாத்தவே இல்ல, கழுவி பெயிண்ட் அடிச்சுக் குடுத்துட்ட" என்கிறாய். அக்காவாக இருந்துகொண்டு, வெட்கமாக இல்லையா உனக்கு?

தெரிந்தவளுக்கே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. 4.10 என்றால் சக்கரம் ஒருமுறை சுழல, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு நாலு முறைக்கு மேல் சுழல வேண்டும். கால் மைல் பந்தயத்தில் கார் பாய்ந்து கிளம்பும், நெடுஞ்சாலையில் எஞ்சின் கதறும். 3.31-இல் தண்டு மூன்றேகால் சுற்றுக்குக் கொஞ்சம் கூடச் சுழன்றால் போதும். நெப்ராஸ்காவுக்குக் குடி போகிறவளுக்கு அது. ஞாயிறுதோறும் பந்தயத் தடத்தில் நிற்பவனுக்கு இது. நாம் இருவரும் பேசித்தான் செய்தோம்.

"ஐம்பத்தஞ்சுல போனா எஞ்சின் முன்ன எப்படிக் கத்துச்சோ அப்படியேதான் கத்துது" என்கிறாய். காதை நம்பாதே, எண்ணிப் பார். பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கு, கியரை நியூட்ரலில் போடு, தண்டில் சாக்பீஸ் கோடு ஒன்று இழு. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்று, கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணு. நாலு வந்தால் நான் மோசக்காரன். மூன்றும் கொஞ்சமும் வந்தால் நீ மன்னிப்புக் கேட்டு எழுது.

இங்கே நிலவரம் பிரமாதம். உன் 4.10 என் காரில் பேயாட்டம் ஆடுகிறது. போன வாரம் கால் மைல் முடிவில் முள் நூற்றிருபதைத் தொட்டது, நடீன். நூற்றிருபது! தடத்துக்காரர்கள் கொடுத்த நேரச் சீட்டில் வேகம் தொண்ணூற்றேழு என்று அச்சடித்திருந்தது. நேரே நேரம் குறிக்கும் கோபுரத்துக்குப் போய்ச் சொன்னேன், "உங்க கடிகாரம் செத்துப் போச்சு, அடக்கம் பண்ணுங்க" என்று. அந்தக் கிழவர் டார்வின், "கடிகாரத்துக்கு எஞ்சினியரிங் தெரியாதுப்பா, அதனால பொய் சொல்லவும் தெரியாது" என்கிறார். அடுத்த வாரம் அவரை விட மாட்டேன்.

பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்றாயே, அது கார்புரேட்டர். அது நான் தொடாத இடம். என் தலையில் கட்டாதே.

கிளிஃப்


ஆல்டர் ஸ்ப்ரிங்ஸ், நெப்ராஸ்கா
ஜூன் 10

அன்புள்ள கிளிஃப்,

எண்ணினேன். மூன்று, அப்புறம் ஒரு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. மாற்றியிருக்கிறாய். மன்னிப்பு இந்த வரியோடு முடிந்தது, இரண்டாவது முறை படித்துச் சந்தோஷப்படாதே.

ஆனாலும் ஐம்பத்தைந்தில் அதே கத்தல்தான். காதை நம்பாதே என்று ஒரு மெக்கானிக் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். அந்தக் காரைப் பதினான்கு வருஷமாக ஓட்டுகிறேன்டா. நீ சைக்கிள் செயின் மாட்டத் தெரியாமல் அழுத வயதிலிருந்து. எந்த வேகத்தில் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

வேறு சில வேடிக்கைகளும் நடக்கின்றன. இங்கே நல்ல மளிகைக் கடை இருக்கும் ஊர் அறுபத்திரண்டு மைல். வரைபடத்தில் அப்படி, பலகையில் அப்படி, வீட்டுக்கார அம்மாவும் அப்படித்தான் சொல்கிறாள். என் கார் மட்டும் ஐம்பது என்கிறது. போகும்போது ஐம்பது, வரும்போதும் ஐம்பது. ஒஹாயோவிலிருந்து வரும் வழியில் ஒழுங்காக, சட்டம் விட்ட ஐம்பத்தைந்து மைல் வேகத்தில்தான் வந்தேன். எல்லா லாரிகளையும் தாண்டிக்கொண்டே வந்தேன், ஒன்றுகூட என்னைத் தாண்டவில்லை. இங்கே எல்லாரும் மெதுவாக ஓட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல செய்தி: வேலை கிடைத்துவிட்டது. பள்ளிப் பேருந்து, ஒன்பதாம் தடம், ஒரு சுற்று எழுபத்தொரு மைல், பதினான்கு பண்ணை வீடு. ஆகஸ்ட் கடைசித் திங்கள் தொடக்கம். பள்ளி சூப்பரின்டென்டென்ட் கறாரானவர். "பழையதெல்லாம் ஒஹாயோவோட போச்சு. இங்க முதல் வருஷம் ஒரு வேகக் குற்றம் பதிவானா சாவிய திருப்பிக் குடுத்துடணும்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பேருந்தைக் காட்டினார். டீசல் வாசனையும் பழைய ஆரஞ்சுத் தோல் வாசனையும். இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரி செய்தேன். அந்தத் தொழிற்சாலை வரிசையில் பதினோரு வருஷம் நின்ற பிறகு, உட்கார்ந்து செய்யும் வேலை என்பதே எனக்கு வருகிற சம்பளத்தில் பாதி.

டார்வின் கிழவரோடு சண்டை போடாதே. நான் பந்தயம் ஓட்டிய நாளிலிருந்து அவர் கடிகாரம் என்னை ஏமாற்றியதில்லை. தோற்கடித்திருக்கிறது, அது வேறு.

நடீன்


டொலீடோ
ஜூன் 19

நடீன்,

அறுபத்திரண்டு ஐம்பதாகத் தெரிகிறதென்றால் கேபிள் வறண்டு போயிருக்கும். பதினாறு வருஷக் கேபிள். கழற்றி எண்ணெய் விடு. இல்லையென்றால் அந்த ஊர் நிஜமாகவே ஐம்பதுதான். அங்கே சாலையை அளந்தவன் குதிரையில் உட்கார்ந்து அளந்திருப்பான்.

லாரிகளை நீ தாண்டியதற்கு நான் என்ன செய்வது? லாரிக்காரர்கள் சட்டத்தை மதிக்கிறார்கள்.

நேரமில்லை. உன் காரையும் என் காரையும் பார்த்துவிட்டுத் தடத்தில் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இதுவரை ஐந்து ஆக்ஸில் மாற்றிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் இரண்டு வரிசையில். சனிக்கிழமை ஒன்று, ஞாயிறு பந்தயம் முடிந்ததும் ஒன்று. "பெனடெக் மாத்தினா திரும்பிப் பாக்க வேண்டாம்" என்று பேச்சு வந்துவிட்டது. நானும் யாரையும் திரும்பி வர வைத்ததில்லை.

டார்வினோடு பேசினேன். அவர் கடிகாரத்தைச் சரிபார்த்தாராம். சரியாக இருக்கிறதாம். நான் நம்பவில்லை.

பேருந்து வேலைக்கு வாழ்த்து. ஆரஞ்சுத் தோலைக் கூட்டிவிடு.

கிளிஃப்


ஆல்டர் ஸ்ப்ரிங்ஸ்
ஜூலை 3

கிளிஃப்,

கேபிளுக்கு எண்ணெய் விட்டேன். ஒன்றும் மாறவில்லை. ஆனால் இது அதைப் பற்றிய கடிதம் இல்லை.

சனிக்கிழமை மளிகை வாங்கித் திரும்புகையில் பின்னால் சிவப்பு விளக்கு. ஷெரிஃப் அலுவலகத்து டெபுடி, வோன்ட்ரா என்று சட்டையில் பெயர். இளைஞன், காது இரண்டும் வெயிலில் சிவந்திருந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"எவ்வளவு வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமா மேடம்?"

"அம்பத்தஞ்சு. முள்ளுமேலேயே கண்ண வெச்சுட்டு வந்தேன்."

"அறுபத்தெட்டு மேடம்."

"உங்க ரேடார் யாரோட வண்டியப் பாத்துச்சு?"

"அஞ்சு மைலுக்கு முன்னாடியும் பின்னாடியும் நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. உங்களத் தவிர ஒரு மாடு இருக்கு, அது நின்னுட்டிருக்கு."

நான் சிரித்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. ஏனென்றால் ஐம்பத்தைந்தில்தான் வந்தேன், கிளிஃப். இந்த வேலை கிடைத்ததிலிருந்து அந்த முள்ளைத் தாண்ட விட்டதே இல்லை. பால் திரிந்தாலும் பரவாயில்லை என்று வந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன், கவுண்டி நீதிமன்றம். குற்றம் என்று பதிவானால் ஒன்பதாம் தடம் வேறு யாருக்கோ. சூப்பரின்டென்டென்டிடம் நானே போய்ச் சொன்னேன். "பதினாலாம் தேதி வரைக்கும் காத்திருக்கேன். அதுக்கு மேல என்னால ஆகாது" என்றார். நல்ல மனிதர். அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். யோசித்துப் பதில் எழுது. ஆக்ஸில் மாற்றும்போது ஸ்பீடாமீட்டரில் ஏதாவது செய்தாயா?

நடீன்


டொலீடோ
ஜூலை 9

நடீன்,

யோசிக்க ஒன்றுமில்லை. ஸ்பீடாமீட்டரை நான் தொடவே இல்லை. ஒரு விரல்கூட வைக்கவில்லை. எழுதித் தரச் சொன்னாலும் தருகிறேன்.

நான் வேலை செய்தது காரின் பின்பாதியில். ஸ்பீடாமீட்டர் இருப்பது முன்னால். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

உண்மையைச் சொல்லட்டுமா? உன் கால். ஒஹாயோவில் வேகத்துக்காக உனக்கு வந்த இரண்டு அபராதச் சீட்டும் எனக்கு நினைவிருக்கிறது, உனக்கு மறந்திருக்கலாம். பந்தயம் ஓட்டிய கால் காலியான சாலையைப் பார்த்தால் தானாக அமுங்கும். ஐம்பத்தைந்து என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். கண் முள்ளில் இருந்ததா மளிகைச் சீட்டில் இருந்ததா, யார் கண்டது? அபராதத்தைக் கட்டு, சூப்பரின்டென்டென்ட் காலில் விழு. இல்லையென்றால் அங்கே வேறு வேலை இருக்கும். என் வேலையைச் சந்தேகப்படுவதை மட்டும் நிறுத்து.

கிளிஃப்


ஆல்டர் ஸ்ப்ரிங்ஸ்
ஜூலை 15

கிளிஃபர்ட்,

நாலு நாள் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்தேன். எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அந்த நாலு நாளில் கணக்குப் போட்டேன். நீ டிப்ளமா படித்தாய், நான் படிக்கவில்லை. அதனால் மெதுவாகப் போட்டேன்.

சாலை அறுபத்திரண்டு மைல், கார் ஐம்பது என்கிறது. வகுத்தால் 1.24.

ரேடார் அறுபத்தெட்டு, முள் ஐம்பத்தைந்து. வகுத்தால் 1.24.

உன் முள் நூற்றிருபது, டார்வினின் கடிகாரம் தொண்ணூற்றேழு. வகுத்தால், கிளிஃபர்ட், 1.24.

என் கார் குறைத்துச் சொல்கிறது, உன் கார் கூட்டிச் சொல்கிறது. அளவு மட்டும் ஒன்று. இரண்டு கார்களும் எண்ணூறு மைல் தள்ளி நின்றுகொண்டு ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கமாகச் சொல்கின்றன.

இப்போது நீ 4.10-ஐ 3.31-ஆல் வகு. நான் வகுத்துவிட்டேன்.

ஸ்பீடாமீட்டர் முன்னால் இருக்கிறதாம், சம்பந்தமில்லையாம். அந்தக் கேபிளின் மறுமுனை எங்கே போகிறது? கியர்பாக்ஸின் வாலுக்கு. அங்கே ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம், தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணி முள்ளுக்குச் சொல்கிறது. என் காரில் இருப்பது 4.10-க்கான சக்கரம். தண்டு நாலு முறை சுற்றினால்தான் கார்ச் சக்கரம் ஒருமுறை உருண்டது என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. முள் ஐம்பத்தைந்தைத் தொடும்போது எஞ்சின் பழைய ஐம்பத்தைந்தில் சுற்றியபடியேதான் சுற்றும், அதனால்தான் அதே கத்தல். என் காது சரியாகத்தான் கேட்டது. கார்தான் அறுபத்தெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆக்ஸில் மாற்றுகிறவன் அந்தச் சக்கரத்தையும் மாற்ற வேண்டும். உனக்குத் தெரியாதென்று சொல்லாதே. நீ பதினாறு வயதில் படித்துவிட்டு என்னிடம் வந்து ஒப்பித்தாய்.

ஸ்பீடாமீட்டரைத் தொடவே இல்லை என்று எழுதினாய். நம்புகிறேன். அதுதான் நீ செய்த தப்பு.

நடீன்


டொலீடோ
ஜூலை 22

நடீன்,

வகுத்தேன். 1.2387.

கடிதம் வந்த அன்றே காருக்கு அடியில் போய்க் கழற்றினேன். என் காரில் இருந்தது பதினெட்டுப் பல். 4.10-க்கு இருபத்திரண்டு பல் வேண்டும். அந்த இருபத்திரண்டு பல் உன் காரில் இருக்கிறது. உனக்கு வேண்டிய பதினெட்டு என் காரில் இருந்திருக்கிறது. ஆக்ஸிலை மாற்றிக்கொண்டபோது இதையும் மாற்றிக்கொண்டிருந்தால் போதும். இருபது நிமிட வேலை. அன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு முடித்துவிட்டேன் என்று பெருமையாக எழுதினேன், நினைவிருக்கிறதா? ஐந்து இருபதுக்கு முடித்திருக்க வேண்டும்.

பதினெட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பஞ்சில் சுற்றி. வந்தவுடன் மாட்டு. கேபிளைத் திருகி எடு, அதைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டைக் கழற்று, உறையோடு வெளியே வரும். கொஞ்சம் எண்ணெய் ஒழுகும், முகத்தை நேரே கீழே வைக்காதே. உடனே செய். இனி ஒரு மைல்கூடத் தப்பான முள்ளோடு ஓடாதே.

நீதிபதிக்கு ஓர் அறிக்கையும் இருக்கிறது. தட்டச்சு செய்திருக்கிறேன்:

"மேற்படி வாகனத்தில் பின் ஆக்ஸில் மாற்றத்தின்போது ஸ்பீடாமீட்டர் பல்சக்கரம் மாற்றப்படாமல் விடுபட்டிருப்பதாகத் தெரிய வருகிறது. இவ்வகை மாற்றங்களில் இது பரவலாக விடுபடக்கூடிய ஒன்றாகும். இதன் விளைவாக முள் குறைந்த வேகத்தைக் காட்டியிருக்க வாய்ப்புண்டு."

தொழில்முறையாக இருக்கிறது. போதும் என்று நினைக்கிறேன்.

கிளிஃப்


ஆல்டர் ஸ்ப்ரிங்ஸ்
ஜூலை 28

டேய்,

உன் காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தப்பில் சம்பந்தப்பட்டவர் யார்? "பரவலாக" என்று ஒருத்தர் இருக்கிறாரா? அவர் டொலீடோவில் எந்தத் தெரு? என் வீட்டுக்கார அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "யாரு பண்ணாங்கன்னே போடலையே, மழை வந்து பண்ணிட்டுப் போச்சா?" என்றாள். ஓர் ஆறாம் வகுப்பு மாணவன் இதை எழுதிக்கொண்டு வந்தால் டீச்சர் நம்ப மாட்டாள். நீதிபதி ஏன் நம்ப வேண்டும்?

என் கால், என் கண், என் மளிகைச் சீட்டு எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துத் திட்டத் தெரிந்தது. உன் கைக்கு வரும்போது "விடுபட்டிருப்பதாகத் தெரிய வருகிறது."

பல்சக்கரம் பத்திரமாக வந்தது. மாட்டவில்லை. கரண்டிகள் இருக்கும் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். உடனே மாட்டு என்று நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். கிளிஃப், அவசரப்பட்டு மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதினாலாம் தேதி என் கார் உத்தமமாக ஓடும். ஐம்பத்தைந்து என்றால் ஐம்பத்தைந்து. நான் சொன்னது பொய் என்று அதுவே சாட்சி சொல்லிவிடும். என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் உன் தப்புதான். அதை யாரும் தொடக் கூடாது. அதுவரை முள் நாற்பத்துநாலைத் தாண்டாமல் ஓட்டுகிறேன். நிஜத்தில் அது ஐம்பத்துநாலரை. பார், நானும் பெருக்கக் கற்றுக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது உன் பெயர், நீ செய்தது, நீ செய்யாதது. நோட்டரி முத்திரையோடு. பத்தாம் தேதிக்குள் இங்கே இருக்க வேண்டும்.

முடியாதென்றால் அதையும் நேராக எழுது. வேறு வழி பார்ப்பேன். பார்த்துவிடுவேன்.

நடீன்


டொலீடோ
ஆகஸ்ட் 4, ஞாயிறு

நடீன்,

ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். சாக்கு இல்லை, நீ கேட்டிருப்பாய், அதனால்.

உன் காரையும் என் காரையும் விட்டால் ஏழு கார். ஏழிலும் ஆக்ஸிலை மாற்றினேன். ஒன்றில்கூட அந்தச் சக்கரத்தை மாற்றவில்லை. பல்லில் மஞ்சள் பசை தடவி அழகு பார்த்துக்கொண்டிருந்தேன், கேபிளின் மறுமுனையை மறந்துவிட்டேன். உன் கணக்கைப் பார்த்த நிமிஷமே அந்த ஏழும் கண் முன்னால் வரிசையாக நின்றன. என் பெயரில் ஒரு காகிதத்தில் ஒப்புக்கொண்டால் ஏழு பேரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் அந்தக் காகிதத்தில் என் பெயர் இல்லை.

இன்று பந்தயத்துக்கு முன் ஓட்டுநர் கூட்டம். டார்வினிடம் ஒலிபெருக்கியைக் கேட்டேன். "எதுக்கு? மறுபடியும் என் கடிகாரத்தத் திட்டவா?" என்றார். "இல்ல, என்னைத் திட்ட" என்றேன். கொடுத்துவிட்டார்.

சொன்னேன். ஏழு பெயரையும் சொல்லி, எந்தக் கார் கூட்டிக் காட்டுகிறது, எந்தக் கார் குறைத்துக் காட்டுகிறது என்று விழுக்காட்டோடு சொன்னேன். அப்புறம் ரஸ்ஸல் டிம்கோ எழுந்தான். "அப்ப என் பொண்டாட்டிக்கு வந்த சீட்டு?" என்றான். "எவ்வளவு?" என்றேன். "எழுபது." மனசுக்குள் வகுத்தேன். "அவங்க அம்பத்தேழுலதான் போயிருக்காங்க, அவங்க முள்ளுப்படி" என்றேன். "ரெண்டு வாரமா அவள நான் திட்டிக்கிட்டிருக்கேன்டா!" என்று ஒரு துணியை உருட்டி என் மேல் எறிந்தான். கிரீஸ் துணி. மூஞ்சியில் பட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் டிம்கோவும் சிரிக்கவில்லை, ஒரே காரணத்துக்காக.

மூன்று பேர் இனி என்னிடம் வர மாட்டார்கள், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நாலு பேர் அங்கேயே காரைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். பந்தயம் ஓடவில்லை.

அறிக்கை இத்துடன். வெள்ளிக்கிழமை வங்கியில் நோட்டரி அம்மாள் முன்னால் கையெழுத்திட்டேன். அவள் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "தம்பி, இருபது வருஷமா முத்திரை குத்தறேன். எல்லாரும் அடுத்தவன் பண்ணதத்தான் எழுதிட்டு வருவாங்க" என்றாள்.

"நான், கிளிஃபர்ட் பெனடெக், வயது 24. 1985 மே 5 அன்று என் அக்கா நடீன் பெனடெக்கின் காரில் பின் ஆக்ஸிலை நான் மாற்றினேன். அப்படி மாற்றினால் ஸ்பீடாமீட்டரை ஓட்டும் பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டும். இது எனக்குத் தெரியும். நான் மாற்றவில்லை. மறந்துவிட்டேன். அதனால் அவள் கார் ஐம்பத்தைந்து என்று காட்டும்போது அறுபத்தெட்டில் ஓடும். ஏதோ தப்பு என்று அவள் பலமுறை எழுதினாள். ஒவ்வொரு முறையும் நான் அவளைத்தான் குறை சொன்னேன். அவள் ஒழுங்காக ஓட்டினாள். நான் ஒழுங்காக வேலை செய்யவில்லை."

நீதிபதி என்னை நேரில் கேட்டால் வருகிறேன். தந்தி கொடு. 4.10 ஆக்ஸிலோடு எண்ணூறு மைல் வந்தால் காது போய்விடும். போகட்டும்.

கிளிஃப்


பேருந்து எண் 9, ஹால்வர்சன் பண்ணை வாசல்
ஆகஸ்ட் 26, திங்கள், காலை 6.40

கிளிஃப்,

முதல் வீட்டுக்குப் பதினைந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டேன். ஸ்டியரிங்கை மேசையாக வைத்து எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இரண்டு வாரமாக எழுதாததற்குக் காரணம் சூப்பரின்டென்டென்ட். வெள்ளிக்கிழமை மாலைதான் சாவியைக் கையில் கொடுத்தார். அதற்கு முன்னால் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

நீதிபதி ஆஸ்டர்கார்ட், எழுபது வயதிருக்கும், பூட்ஸில் வைக்கோல். உன் அறிக்கையைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை படித்தார். "தம்பியா?" என்றார். "ஆமாங்க." "இத எழுத அவருக்கு எத்தன நாள் ஆச்சு?" "இது ரெண்டாவது தடவை எழுதினது." தலையாட்டினார். பிறகு காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "அறிக்கைய யார் வேணாலும் எழுதலாம்மா. கார் எழுதாது. சாவிய எடுங்க."

நிஜமாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், கிளிஃப். ஊருக்கு வெளியே நேர்ச்சாலையில் வோன்ட்ரா ரேடாரோடு நின்றான், எனக்குச் சீட்டு எழுதிய அதே பையன். நீதிபதி குனிந்து முள்ளையே பார்த்துக்கொண்டு, "அம்பத்தஞ்சு. ஒரு முடி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றார்.

அந்த ஒரு மைலைப் போல நான் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. ஒரு மாதமாக நாற்பத்துநாலில் போய்ப் பழகிய கால், மேலே போக மாட்டேன் என்கிறது. சட்டத்தை மீறுகிற வேகம் என்று தெரிந்தே, ஒரு நீதிபதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு போலீஸ்காரனை நோக்கி அமுக்க வேண்டும். அமுக்கினேன். முள் ஐம்பத்தைந்தில் நின்றது. ஆணி அடித்தது மாதிரி நிறுத்தினேன்.

நீதிபதி கையிலிருந்த ரேடியோவில் வோன்ட்ராவின் குரல்: "அறுபத்தெட்டு, ஐயா."

"திருப்புங்க," என்றார் நீதிபதி. எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு முறை. "அறுபத்தெட்டு." மூன்றாவது முறை வோன்ட்ரா எண்ணைச் சொல்லவில்லை. "அதேதாங்க," என்றான், கொஞ்சம் சோகமாக.

நீதிபதி சாய்ந்து உட்கார்ந்தார். "உங்க தம்பி என்ன வேலை பாக்கறார்?" "தொழிற்சாலையில கியர் பரிசோதிக்கறாருங்க." அவர் சிரித்தபோது முழுக் காரும் ஆடியது. நான் சிரிக்கவில்லை. "அவருக்கு அந்த வேலை நல்லாத் தெரியுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. உண்மை, அதனால்தான் இருக்கும்.

வேகக் குற்றம் தள்ளுபடி. "பழுதான கருவி" என்று பதிவு, அன்றைக்கே சரிசெய்து காட்ட வேண்டும் என்று நிபந்தனை. நீதிமன்றத்துப் பின்னால் சரளைக் கல்லில் படுத்துப் பதினெட்டுப் பல்லை மாட்டினேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது யார் தெரியுமா? வோன்ட்ரா. குனிந்து பார்த்தவன் முகத்தில்தான் எண்ணெய் ஒழுகியது. நீ எழுதியதை அவனுக்கு நான் சொல்லவில்லை. அந்த இருபத்திரண்டு பல் இத்துடன் இருக்கிறது. உன் காருக்கு.

டிம்கோவின் மனைவிக்கு வந்த சீட்டுக்கும் ஒன்று எழுதிக் கொடு. கூச்சப்படாதே. உனக்கு இப்போது பழக்கமாகியிருக்கும்.

இந்தப் பேருந்தின் முள்ளை நான் நம்பவில்லை. சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போய் மைல் பலகைகளுக்கு நடுவே கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நாற்பத்தைந்தில் ஒரு மைலுக்கு எண்பது வினாடி. சரியாக இருக்கிறது. சூப்பரின்டென்டென்ட் கேட்டார், "யாரும்மா இத சோதிக்கச் சொன்னது?" என்று. என் தம்பி என்று சொல்லிவைத்தேன்.

ஹால்வர்சன் வீட்டு வாசல் விளக்கு எரிகிறது. மூன்று பேர் வருகிறார்கள். பெரியவள் கடைக்குட்டியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறாள். அதற்கு முதல் நாள் பள்ளி போல, அழுதுகொண்டே வருகிறது, புத்தகப் பையைப் புல்லில் தேய்த்துக்கொண்டு. கதவைத் திறக்க வேண்டும். முன் இருக்கையில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

நடீன்